மருமகனுக்கு அனுப்பிய குப்பி

லுத்தாயா காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் நின்றான். நலுபோவா அடுக்களைச் சுவருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில், வீட்டு மூலையில், நான். அவன் பேசுவது அவளுக்குக் கேட்கும்; அவள் பேசுவது அவனுக்குக் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு பேச்சும் என் வாய்க்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். அவள் மாமியார், அவன் மருமகன். முகத்துக்கு முகம் பார்த்தாலோ, நேராகப் பேசினாலோ ஒபுகோ பிடிக்கும். கை நடுங்கும், தலை நடுங்கும், குழிக்குள் இறக்கும்வரை அந்த நடுக்கம் நிற்காது. நான் பக்கத்து வீட்டுக்காரி, வேறு குலம். எனக்கு அந்தத் தடை இல்லை. அதனால் லுத்தாயா வரும் நாட்களில் அவர்களுக்குக் காதும் வாயும் நான்தான்.

"பன்னிக்குட்டி எத்தனை செத்துச்சுன்னு கேளுங்கம்மா," என்றான்.

"எத்தனைடி செத்துச்சு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏழு. மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு முதல்ல கேளு."

"சாப்பிட்டீங்களான்னு கேக்குறா."

"சாப்பிட்டாச்சு. எப்படிச் செத்துச்சுன்னு கேளுங்க."

"எப்படிச் செத்துச்சு?"

"சும்மா சொல்றாரு, சாப்பிட்டிருக்க மாட்டாரு. வாழைக்காய் வெந்துக்கிட்டு இருக்கு, இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."

"பன்னி எப்படிச் செத்துச்சு, சொல்லுங்க!" என்று லுத்தாயா நேராகச் சுவரிடமே கத்திவிட்டான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள்.

"காதுல விழலேன்னு சொல்லு," என்றாள் நலுபோவா. பிறகு சொன்னாள்: குட்டி முதலில் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். தலை ஒரு பக்கம் சாயும். அப்புறம் விழுந்து, தண்ணீரில் நீந்துகிற மாதிரி நாலு காலையும் அடித்துக்கொள்ளும், கழுத்து பின்னால் வளையும், உடம்பெல்லாம் நடுங்கும். காலையில் நடுங்கினால் மாலையில் செத்துவிடும்.

லுத்தாயா எங்கள் வட்டத்துக்கும் இன்னும் இரண்டு வட்டங்களுக்கும் ஒரே கால்நடை அலுவலர். தகரப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வருவான். நலுபோவாவின் மகள் வேறு ஊர்ப் பள்ளியில் வாத்தியாரம்மா. விடுமுறைக்குத்தான் புருஷனிடம் வருவாள். வேறு வீட்டு விஷயம் என்றால் அவன் நேரே பட்டிக்குள் போய்ப் பன்றியின் வாயைப் பிளந்திருப்பான். ஆனால் நலுபோவாவின் பட்டி வீட்டுக்குப் பின்னால், அவள் குளிக்கும் நாணல் மறைப்பையும் தாண்டி இருந்தது. அந்தப் பக்கம் மருமகன் கால் படக் கூடாது.

"கேளுங்கம்மா," என்றான் என்னிடம், ஆனால் சுவருக்குக் கேட்கிற குரலில். "கம்பாலா ஆய்வுக்கூடத்துல நம்ம பக்கத்துப் பன்னிக்குத் தடுப்பூசி செய்யப்போறாங்க. இந்தக் கிருமி ஒரே ஜாதிதான், ஆனா முப்பது விதமாச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியுது. நல்லா இருக்குற பன்னி தொண்டையிலயும் சும்மா குந்தியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. கொல்றவன் வேற சட்டைக்காரன். ஊசி சட்டையப் பாத்துத்தான் ஆளப் பிடிக்கும். தப்பான ஆளோட சட்டையக் காட்டிட்டோம்னா, கொலைகாரன் பக்கத்துலயே நடந்து போவான், ஊசி வேடிக்கை பாக்கும். இந்த ஊர்ல உங்க பட்டியிலதான் நடுங்கிச் சாவுது. அதனால உங்க வீட்டுக் குப்பிதான் முக்கியம்."

"என்ன வேணுமாம்?" என்றாள் நலுபோவா.

"நடுங்கிச் செத்த பன்னியோட தலை. வாழை இலையில சுத்தி வைங்க. மூளைக்குள்ள பஞ்ச விட்டா அங்க கொலைகாரன் மட்டும்தான் இருப்பான். தலை முடியலேன்னா, நடுங்குற பன்னி தொண்டையில இந்தப் பஞ்சுக்குச்சிய விட்டுத் தேச்சு, குப்பியில போட்டு மூடுங்க. நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன். நடுங்குற பன்னி, அம்மா. வேற பன்னி இல்ல."

சாப்பிடாமலே போனான். நலுபோவா அன்று முழுக்க அதைச் சொல்லியே மாய்ந்துபோனாள்.

*

மறுநாள் காலையில் ஒரு பெட்டைக் குட்டி நடுங்க ஆரம்பித்தது. பட்டி வேலியோரம் சாய்ந்து நின்று, சேற்றில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் குப்பியும் குச்சியுமாகப் போனேன்.

"இதான்," என்றேன். "பிடிடி."

"இதயா?" நலுபோவா இடுப்பில் கைவைத்து நின்றாள். "வாயப் பாரு, நுரை தள்ளுது. இத மாப்பிள்ளைக்கு அனுப்புறதா?"

"அவருதான கேட்டாரு."

"அவரு கேப்பாரு. படிச்சவரு, வெக்கமில்லாமக் கேப்பாரு. கேட்டா நாம கொடுத்துடறதா? மருமகன் வந்தா கோழியில எதுடி கொடுப்போம்?"

"இரைப்பை."

"முழுசா, கீறல் படாம. அதுல ஒரு கடி கொறைஞ்சாக்கூட பொண்ண வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருவாங்க. இவருக்குச் சாகப்போற பன்னியோட எச்சிலக் குப்பியில அடைச்சுக் கொடுக்கச் சொல்ற. அத கம்பாலாவுல மேசை மேல வெச்சு, 'இது யாரு வீட்டு அழுக்கு?'ன்னு கேப்பாங்க. 'என் மாமியார் வீட்டது'ன்னு சொல்லுவாரு. என் மக மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"கொல்றவனப் பிடிக்கணும்னா..."

"எல்லாம் ஒரே ஜாதின்னு அவரே சொன்னாரு. ஒரே ஜாதிதான, அழகானதாப் பாத்துக் கொடுப்போம்."

மேடம் என்று ஒரு தாய்ப்பன்றி வைத்திருந்தாள். வெள்ளை உடம்பு, மடிந்த காது, நடை முழுக்கத் திமிர். ஊர்ப் பன்றிகளுக்கு வந்த எந்த நோயும் அதற்கு வரவில்லை. அதைப் பிடித்து, வெந்நீரில் உப்புப் போட்டுத் துணியால் வாயைக் கழுவினாள். பல்லிடுக்கில் கிடந்த தவிட்டையும் விரலால் எடுத்தாள்.

"மாப்பிள்ளை கண்ணு படப்போற வாயி," என்று சொல்லி, "வாயத் தொற மேடம், கோயிலுக்கா போற, வெக்கப்படாத!" என்று அதன் கன்னத்தில் தட்டினாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன். அவள் குச்சியை விட்டுத் தொண்டையில் தேய்த்தாள். குப்பியில் போட்டு மூடினோம். அவளுக்கு எழுத வராது. நான் பாதிரியார் பள்ளியில் ஆறு வருஷம் படித்தவள். குப்பியில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தில், லுத்தாயா சொல்லிக்கொடுத்தபடியே, அழகான எழுத்தில் எழுதினேன்: நலுபோவா வீடு. நடுங்கும் பன்றி.

நடுங்கிய குட்டியைக் கறிக்கடைக் கியாஸ்ஸே வந்து தூக்கிப்போனான். மூச்சு நிற்பதற்குள் கத்தி பட்டுவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. அறுத்துக் கொடுப்பவனுக்குத் தலை சொந்தம் என்பது ஊர் வழக்கம்.

"நடுங்குற கறிக்கு மசாலா கலக்க வேணாம், அதுவே கலக்கிக்கும்," என்று சொல்லிவிட்டு அவன் தன் சிரிப்பைச் சிரித்தான்.

மத்தியானம் லுத்தாயா வந்து குப்பியை வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் பூ வைப்பது போல வைத்தான்.

*

இரண்டு மாதம் கழித்து வந்தபோது மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"கிடைச்சிருச்சும்மா! இருபத்தொண்ணாம் வகை. உங்க குப்பியில நல்லா முளைச்சிருக்கு, அத்தன சுத்தமா எடுத்திருக்கீங்கன்னு பாராட்டினாங்க."

சுவருக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "சுத்தம்னு சொன்னாங்களாம்ல!" என்றாள் என்னிடம், கிசுகிசுப்பாக.

"ஒரே ஒரு சந்தேகம்," என்றான். "இந்த இருபத்தொண்ணு சாதாரணமா நோயில்லாத பன்னி தொண்டையில குந்தியிருக்குறவனாம். எங்கயும் கொன்னதில்லையாம். இங்க மட்டும் எப்படிக் கொல்லுதுன்னு ஆய்வுக்கூடத்துப் பெரியவங்க ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்காங்க. எங்கிட்டக் கேட்டாங்க, நான் உங்ககிட்டக் கேக்குறேன். அம்மா, அது நடுங்குற பன்னிதான?"

சுவருக்குப் பின்னால் நலுபோவா இருமினாள். சளி இருமல் இல்லை.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவன் முகம் எனக்கு நேராக இருந்தது. நான் பார்க்கலாம், எனக்குத் தடை இல்லை. பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நடுங்குற பன்னிதான் மாப்பிள்ளை. நானே காதப் பிடிச்சேன்."

"உங்க வாய்ச்சொல் எனக்குப் போதும்," என்றான்.

இரண்டாம் மழை ஓய்ந்தபோது தடுப்பூசி வந்தது. பதினோரு வீடுகளில் பன்றிகளுக்குப் போட்டான். நலுபோவாவின் பன்றிகளை நான் முன் முற்றத்துக்கு ஓட்டிவந்தேன். அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, "மேடத்துக்கு மெதுவாக் குத்தச் சொல்லு," என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வெயில் ஆரம்பித்ததும் குட்டிகள் நடுங்கின. இந்தத் தடவை நலுபோவா பட்டியில் மட்டும் இல்லை, நாலு வீடுகளில். ஒரே வாரத்தில் இருபத்துமூன்று குட்டிகள். மேடமும் விழுந்தது. அந்தப் பெரிய வெள்ளை உடம்பு சேற்றில் கிடந்து நீந்தியதை நான் பார்த்தேன்.

"மாப்பிள்ளை ஊசியில தண்ணி ஏத்திக் குத்திட்டாரு போல," என்றான் கியாஸ்ஸே, கடை முன்னால் வாழைப்பழச் சாராயம் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில். "தண்ணி நல்லதுதான், பன்னிக்குத் தாகம் தணிஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். லுத்தாயா வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தான். கேட்டிருப்பான். நிற்கவில்லை.

காப்பிச் செடியருகே வந்து வண்டியை நிறுத்தினான். பிறகு சொன்னான்: "கம்பாலாவுல எங்கிட்ட இனிமே பேசத் தயாரில்ல. உன் வட்டத்துக் குப்பிய நம்ப முடியாதுங்குறாங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள கொல்றவனப் பிடிச்சுக் கொடுத்தா மறுபடி ஊசி செய்வாங்க. இல்லேன்னா வேற மாவட்டத்துக்குப் போயிருவாங்க. ஒரு தலை வேணும்மா. ஒரே ஒரு தலை. கெஞ்சிக் கேக்குறேன்னு சொல்லுங்க."

நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். சொல்லத் தேவை இருக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தலை அனுப்ப மாட்டேன்," என்றாள். "மூளைய எடுத்து அனுப்புறேன். என் கையாலயே எடுத்து, சுத்தமா, குப்பியில போட்டு. அது போதுமான்னு கேளு."

"போதும்," என்றான் லுத்தாயா, நான் கேட்பதற்கு முன்பே.

*

அடுத்த குட்டி செத்ததும், கியாஸ்ஸேவுக்குச் சொல்லி அனுப்பாமல், அவளே அரிவாளால் மண்டையைப் பிளந்தாள். பிடித்துக்கொள்ள என்னையும் விடவில்லை.

"இது என் தப்பு. நீ தள்ளி நில்லு."

எலும்புச் சில்லு ஒன்று அவள் பெருவிரலில் ஏறியது. பல்லால் கடித்து எடுத்துத் துப்பினாள். குச்சியை மூளைக்குள் விட்டு, குப்பியில் போட்டு, மூடியை இறுக்கினாள். குப்பியை அடுப்புக்கு மேலே, சோளமும் உப்பும் வைக்கிற பரணில் வைத்தாள். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியாது.

"நாளைக்கு வந்து எழுது," என்றாள். "இந்தத் தடவ என்ன எழுதினாலும் உண்மைதான்."

மறுநாள் நான் என் பேத்தியின் திருமுழுக்குக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் காலையில்தான் வந்தேன். அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். உடம்பு கொதித்தது.

"கௌதென்சியா, காதுக்குள்ள வண்டு கத்துது," என்றாள். "வண்ட எடுடி."

வாந்தி எடுத்தாள். தலையணையைச் சரிசெய்யக் கழுத்தைத் தூக்கினேன். கழுத்து மடங்கவில்லை, மரம் மாதிரி பின்னால் விறைத்து நின்றது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு கால்.

அந்த நடுக்கத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். சேற்றில்.

நான் கத்தியதில் ஊர் வந்துவிட்டது. அவள் தம்பி துங்கு வந்தான். கையைப் பார்த்தான், நடுங்கும் காலைப் பார்த்தான், கூடி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் வாய்க்குள் இருந்தது.

"ஒபுகோ," என்றான்.

"அன்னைக்கே நான் பாத்தேன்," என்றாள் தெருவில் நின்று பார்த்த இருவரில் ஒருத்தி. "மாப்பிள்ளை சுவத்தப் பாத்து நேராவே கத்தினாரு. நாங்க ரெண்டு பேரும் கேட்டோம்."

"அவன் கையில கொடுக்குறதுக்குன்னே ராப்பகலா குப்பி தயார் பண்ணினா," என்றாள் இன்னொருத்தி. "தொடாம இருந்திருப்பாளா?"

துங்கு மரப்பட்டைத் துணி கொண்டுவரச் சொன்னான். ஏரிக்கரை ஊரிலிருந்து வைத்தியரை அழைத்துவர ஆள் அனுப்பினான். மருமகன் நிழல்கூட வாசலில் விழக் கூடாது என்றான். விழுந்தால் அவள் அந்த நிமிஷமே போய்விடுவாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம்," என்றேன்.

"ஊசி குத்தினா ஒபுகோ ரத்தத்துக்குள்ள ஓடிரும். ஒனக்குத் தெரியாதா? எங்க குலத்து விஷயத்துல மூக்க நொழைக்காத."

குப்பி வாங்க லுத்தாயா வந்தது அப்போதுதான். கூட்டத்தைப் பார்த்துக் காப்பிச் செடியிடமே நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் நடந்து போனேன்.

"என்னம்மா?"

"காய்ச்சல். வாந்தி. நடுங்குறா. ஒபுகோங்குறாங்க."

"கழுத்து?"

"மடங்கல."

"கையில வெட்டுப் பட்டிருக்கா?"

"பெருவிரல்ல. பன்னி மண்டையப் பிளந்தப்ப எலும்பு குத்தினது."

அவன் முகம் வெளுத்தது. அப்போது சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

"மாப்பிள்ளை, முதல் குப்பி நடுங்குற பன்னியோடது இல்ல. மேடத்தோடது. வாயக் கழுவி எடுத்தோம். ஒங்களுக்கு அழுக்க அனுப்பக் கூடாதுன்னு சொன்னா."

"எழுதினது யாரு?"

"நான்."

"நான் கேட்டப்ப?"

"அப்பவும் நான்தான்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தான், ஏதோ நான் ஆணி அடித்த சுவர் போல. வீட்டைப் பார்த்து நடந்தான்.

துங்கு வாசலை மறித்தான். "ஒரு அடி வெச்சே, நீயும் சேந்து நடுங்குவே."

"நடுங்கிக்கிறேன் மாமா. வழி விடுங்க."

"அவளக் கொல்லப் போற!"

"கொல்றவன் அவங்க தலைக்குள்ள இருக்கான். வழி விடுங்க."

துங்கு நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். லுத்தாயா விழுந்தான், எழுந்தான், மறுபடி நடந்தான். இரண்டாவது தடவை துங்கு தள்ளவில்லை. ஒபுகோ பிடிக்கப்போகிறவனைத் தொட அவனுக்கும் பயமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நானும் உள்ளே ஓடினேன். நலுபோவா கண்ணைத் திறந்தாள். கதவு வெளிச்சத்தில் நிற்பது யார் என்று தெரிந்துவிட்டது. அத்தனை நடுக்கத்திலும் கையை மேலே கொண்டுவரப் பார்த்தாள்.

"மூடு," என்றாள். "மொகத்த மூடுடி."

மரப்பட்டைத் துணியை எடுத்து அவள் முகத்தில் போட்டேன். பிணத்துக்குப் போடுகிற துணி அது. அப்படியே அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். துணிக்கு உள்ளே அவள் முனகிக்கொண்டே இருந்தாள். முற்றத்தில் நின்ற பெண்கள் முழங்காலில் விழுந்து அழ ஆரம்பித்தார்கள், செத்தவளுக்கு அழுகிற மாதிரி.

ஊரில் ஓடக்கூடிய ஒரே வண்டி கியாஸ்ஸேவின் கறி வண்டிதான்.

"பன்னி ஏத்துற வண்டிங்க," என்றான் கியாஸ்ஸே, சாவியைத் தேடிக்கொண்டே. அன்று அவன் சிரிக்கவில்லை. "நாறும்."

"அவங்களுக்குப் பழகின வாசனைதான்," என்றான் லுத்தாயா. "ஓட்டுங்க."

*

டவுன் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீராம். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. லுத்தாயா டாக்டரம்மாவிடம் ரொம்ப நேரம் பேசினான். பிறகு ஒரு குப்பியோடு நடைவழியில் என்னிடம் வந்தான்.

"இதுலதான் அவன் இருக்கான்," என்றான். "ஒரு வருஷமா நான் தேடினவன். இங்க மருந்து கொடுக்க ஒரு பங்கு, கம்பாலாவுக்கு ஒரு பங்கு."

பேனாவை நீட்டினான்.

"நீங்களே எழுதுங்க. இந்தத் தடவ சரியா எழுதுங்க."

அவன் எழுதியிருக்கலாம். என்னைத்தான் எழுதவைத்தான். எந்தப் பன்றி என்று எழுதும் இடத்தில் அவள் பெயரை எழுதினேன். இந்தத் தடவை எழுத்து கோணிப்போனது.

கம்பாலாவிலிருந்து இரண்டாம் வகை என்று முடிவு வந்தது. பன்றியையும் கொல்லும், பன்றியை அறுக்கும் மனுஷனையும் கொல்லும் வகையாம். பிறகு கியாஸ்ஸேவின் கத்தியிலிருந்தும், இன்னும் இரண்டு வீட்டுக் குட்டிகளின் மூளையிலிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் அதே சட்டைக்காரன். அந்தச் சட்டையைப் பார்த்துப் புது ஊசி செய்தார்கள்.

நலுபோவா இருபத்தாறு நாள் படுத்திருந்தாள். சாகவில்லை. காது போய்விட்டது, இரண்டு காதும். நடந்தால் தரை சாய்கிறது என்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். ஒபுகோ உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது என்று துங்கு ஊரெல்லாம் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. லுத்தாயா எங்கே போனாலும் முதலில் அவன் கையைத்தான் பார்க்கிறார்கள். கியாஸ்ஸே கடையில் அவன் டம்ளரைத் தூக்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது. டம்ளர் வாய்க்குப் போய் மேசைக்குத் திரும்பும்வரை கூட்டம் மூச்சு விடுவதில்லை. நடுக்கம் இல்லை, இன்னும். இன்றில்லாவிட்டால் நாளை என்று காத்திருக்கிறார்கள். துங்குவின் வீட்டிலும், அவனைச் சேர்ந்த இன்னும் மூன்று வீட்டிலும் லுத்தாயாவை ஊசியோடு உள்ளே விடவில்லை. அந்தப் பட்டிகளில் குட்டிகள் இப்போதும் நீந்துகின்றன.

ஊசி போட்ட பட்டிகளில் இந்த மழைக்கு ஒன்றும் நடுங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை லுத்தாயா வந்தான். பழக்கத்தில் நான் வீட்டு மூலைக்குப் போய் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.

முன்பெல்லாம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நலுபோவா உள்ளே போய்விடுவாள். இப்போது சத்தம் ஏது? சுவரைத் தடவிக்கொண்டு மூலையைத் திரும்பி வெளியே வந்துவிட்டாள். ஐந்தடி தூரத்தில் மருமகன். அவன் சட்டென்று தலையைக் குனிந்தான். அவள் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். நகரவில்லை, நகர்ந்தால் விழுந்துவிடுவாள்.

"என்ன சொல்றாரு?" என்றாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசுகிறாள் இப்போது.

நான் விரலை மடக்கிப் புரியவைக்கப் பார்த்தேன். குட்டி, எண்ணிக்கை, நல்லா இருக்கு. அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஒன் கைக்கு என்னடி ஆச்சு, சோளம் விதைக்கிறியா? அவரையே சொல்லச் சொல்லு." முந்தானையைக் கண்ணுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறக்கினாள். "வாய மட்டும்தான் பாக்குறேன், மொகத்தப் பாக்கலேன்னு சொல்லு."

நான் சொன்னேன். லுத்தாயா மெதுவாகத் தலையைத் தூக்கினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த ஊசி வேலை செய்யுதாம்ல," என்று கத்தினாள் அவன் வாயிடம். "நான் மண்டையப் பிளந்து மூளைய எடுத்து வெச்சேனே, அந்தக் குப்பியா?"

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் தாங்க மாட்டாள். தன் முதுகிலிருந்து எடுத்த அழுக்கைப் போய் மருமகன் கம்பாலா மேசையில் வைத்தான் என்று தெரிந்தால், காது போனதை விட அதற்குத்தான் அழுவாள். மூடிய கண்ணோடு லுத்தாயா என் பக்கம் திரும்புவானோ என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"ஆமா," என்றான். அவளுக்குப் புரியும்படி வாயை அகலத் திறந்து, இன்னொரு தடவை சொன்னான். "ஆமா. அதுதான். ரொம்பச் சுத்தமா எடுத்திருந்தீங்க."

"பாத்தியாடி!" என்றாள் நலுபோவா என்னிடம். "சுத்தம்னு சொல்றாரு. அடுப்ப மூட்டு. இன்னைக்கு இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும், கோழி அடிக்கிறேன்."

நான் அடுக்களைக்குள் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளால் நிமிர்ந்து பரணை எட்ட முடியவில்லை. சோளத்துக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில், அவள் மூளை எடுத்து வைத்து, அன்றைய கூச்சலில் யாரும் எடுத்துப்போகாத அந்தக் குப்பி அப்படியே இருந்தது, புகை படிந்து கறுத்து, ஒட்டிய காகிதத்தில் எதுவும் எழுதாமல். எடுத்து அடுப்பின் அடியில், விறகுக்குக் கீழே தள்ளி, தீ மூட்டினேன்.